பெங்களூர் கசப்பும் பாண்டிச்சேரி நுரையும்

குடிகாரனுக்கு வாழ்க்கைப்படுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், குடியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பவனுக்கு வாழ்க்கைப்படுவதைத்தான் பொறுக்க முடியாது என்று அந்த நாளில் யாராவது கேட்டிருந்தால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன். அத்தனை எரிச்சல் எனக்கு.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள். மதுவிலக்கு அமலில் இருந்தது. பெர்மிட் இல்லாமல் ஒரு பாட்டிலோடு பிடிபட்டால் கேஸ். என் வீட்டுக்காரரைப் போல அரசாங்க குமாஸ்தா என்றால் வேலையும் போகும். ஆனால் திருவண்ணாமலை இருக்கிற இடம் அப்படி. மேற்கே போகிற ரோடு பெங்களூருக்கு, கிழக்கே போகிற ரோடு பாண்டிச்சேரிக்கு. இரண்டு ஊரிலும் தடை கிடையாது. லாரி பார்சல் ஆபீசில் இருந்த இவருடைய சிநேகிதர் மேற்கிலிருந்து ஒரு பீர் பாட்டில் வரவழைப்பார். பஸ் கண்டக்டராக இருந்த இன்னொரு சிநேகிதர் கிழக்கிலிருந்து ஒன்று கொண்டுவருவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பஞ்சாயத்து கூடும்.

"பெங்களூர் சரக்கு நாக்குல கசக்காதுப்பா. தொண்டைக்குப் போய்தான் கசக்கும். அதான் பீரு" என்பார் பார்சல் ஆபீஸ்காரர்.

"கசப்புதான் வேணும்னா நெலவேம்புக் கஷாயம் குடிக்கறது! பாண்டி நுரையப் பாரு, டம்ளர் ஓரத்துல எப்படி ஒட்டிக்கினு நிக்குது. சின்ன கம்பெனி, கொஞ்சமாக் காய்ச்சறான். ஒவ்வொரு தபாவும் ஒரு ருசி" என்பார் கண்டக்டர்.

என் வீட்டுக்காரர்தான் நீதிபதி. ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடி, மலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். தீர்ப்பு வர அரை மணி ஆகும். "ரெண்டுத்துக்கும் தண்ணிதான் வித்தியாசம்" என்பார் கடைசியில். ஒருநாள், "நம்ம மலைத் தண்ணில காய்ச்சினா எப்படி இருக்கும்?" என்று கேட்டுவைத்தார். "ஐயோ, வாயக் கழுவுங்க! அண்ணாமலையார் காதுல விழப்போவுது" என்று நான் கீழேயிருந்தே கத்தினேன். மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டு பாட்டில். அதிலும் பாதி பேச்சிலேயே சூடாகி வீணாகும். மல்லாட்டைக் கடலை வறுத்துக் கொடுப்பது மட்டும் நான். வறுக்கிற ஆத்திரத்தில் பாதி கருகிவிடும்.

என் தங்கை எங்களோடுதான் இருந்தாள். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. சின்ன வயதில் கஞ்சித் தண்ணீர் கொட்டி அவளுடைய இடது கையில் முழங்கை வரைக்கும் தழும்பு. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுத் தழும்பைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் புடவையை மாற்றிக்கொண்டு வந்து ஒன்றுமே நடக்காத மாதிரி பாத்திரம் தேய்க்க உட்காருவாள்.

அந்த வருஷம் அக்னி நட்சத்திரத்தில் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு இடம் வந்தது. பையனுக்கு மண்டியில் கணக்கு எழுதுகிற வேலை. அப்பா காலமாகிவிட்டார். அம்மாவும் பையனும்தான். தழும்பைப் பற்றித் தரகர் முன்கூட்டியே சொல்லிவிட்டார், அவர்களுக்கு அது பெரிதில்லையாம். "ஆனா ஒண்ணு. குடி வாசனை இருக்கற வீடா இருந்தா அந்தம்மா படியேற மாட்டாங்க. ரெண்டு சம்பந்தத்த அப்படித்தான் உதறிட்டாங்க" என்றார் தரகர்.

சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்துக்குச் சேதி வந்தது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே வருகிறார்கள் என்று. அன்றைக்கென்று பார்த்து இரண்டு பாட்டிலும் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தன.

"எங்கனா கொண்டுபோய்த் தொலைச்சிட்டு வாங்க!" என்றேன்.

"ரோட்டுல எடுத்துக்கினு போனா மாட்டிக்குவேன். பரண்ல வெச்சா வெயில்ல கெட்டுப்பூடும். கிணத்துல இறக்கிடறேன். ஜில்லுனும் இருக்கும். கிணத்துக்குள்ள எவன் எட்டிப் பாக்கப்போறான்?" என்றார். வயர் கூடையில் இரண்டையும் வைத்து, கயிறு கட்டி, சத்தமில்லாமல் இறக்கினார். லேபிளை ஒட்டியிருப்பது வெறும் பசை என்பது பீரைப் பற்றி அத்தனை பேசுகிற மனுஷருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு மத்தியானம் வந்தார்கள். பையன், பையனுடைய தாய்மாமன், அந்த அம்மா. ஒல்லியான உடம்பு, நெற்றியில் திருநீறு. கூடத்தில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"கால் கழுவிக்கறேன். கிணறு எங்க?" என்றார்.

"நான் மொண்டு தரேங்க."

"வேணாம்மா. கிணத்தடியும் அடுப்பங்கரையும் பாத்தாத்தான் எனக்கு ஒரு வீடு புரியும்" என்று சொல்லிக்கொண்டே கொல்லைப்பக்கம் நடந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். கோடையில் தண்ணீர் ஆழத்தில் கிடந்தது. அவரே வாளியை இறக்கி, மொண்டு, இழுத்தார். ராட்டினம் கிறீச்சிடுகிற சத்தம் ஒவ்வொன்றும் என் நெஞ்சில் விழுந்தது. கூடை இடறிவிடக் கூடாது, அது ஒன்றுதான் என் பிரார்த்தனை.

கூடை இடறவில்லை. வாளித் தண்ணீரில் இரண்டு காகிதம் மிதந்து வந்தது.

ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. இரண்டிலும் பொன் நிற ஓரம், நடுவில் கதிர் படம், இங்கிலீஷ் எழுத்து. அந்த அம்மா சிவப்பை எடுத்து உள்ளங்கையில் விரித்துப் பார்த்தார். நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நினைத்தேன். "பக்கத்து வீட்டுப் புள்ளைங்க எதையாவது போடுதுங்க…"

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. ஆனா பாட்டில் காகிதம் தெரியும். யாரு குடிக்கறது?"

இன்னொரு பொய் சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. "எங்க வீட்டுக்காரர்" என்றேன்.

அவர் காகிதத்தை வாளிக்குள்ளேயே போட்டார். முந்தானையில் கையைத் துடைத்தார். போய்விடப் போகிறார் என்று தெரிந்தது. உள்ளறையில் என் தங்கை காலையிலிருந்து தழும்பு மறைகிற மாதிரி புடவையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நிற்கிறாள். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ!

"குடிச்சாக்கூடப் பரவால்லங்க! அது குடியா? மூணு பேர் ரெண்டு பாட்டில வெச்சிக்கினு இது பெங்களூரா, அது பாண்டியா, நுரை ஜாஸ்தியா, கசப்பு கம்மியானு ராத்திரி வரைக்கும் வழக்காடுவாங்க. ஒரு வாய் உறிஞ்சிட்டு அரை மணி நேரம் கண்ண மூடிக்குவாரு. இந்தக் கண்றாவியால என் தங்கச்சி வாழ்க்கை போவணுமா? நீங்களே சொல்லுங்க!"

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். "என்ன சொன்ன? ருசி சொல்லுவாரா?"

"அத மட்டும்தாங்க சொல்லுவாரு. காது புளிச்சிப்போச்சி."

அவர் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க வீட்டுக்காரர் மஞ்சக்காமாலைல போனாருன்னுதான் ஊர்ல சொல்லி வெச்சிருக்கோம். சாராயம்தாம்மா. வித்தது, அடகு வெச்சது எல்லாம் அதுக்குத்தான். ஒருநாளும் அது எப்படி இருந்துச்சுனு அவர் சொல்லி நான் கேட்டதில்ல. வாய்ல ஊத்தினாருன்னா காலியாவற வரைக்கும் கீழ வெக்க மாட்டாரு. என் பையன் இதுவரைக்கும் தொட்டதில்ல. ஆனா அப்பன் ரத்தம் ஓடுது. நாளைக்கு சகலை வீடுன்னு இங்க வருவான், பக்கத்துல உக்காருவான். நான் எப்படிம்மா தூங்கறது?"

நான் வாளியை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"ஒண்ணு செய்" என்றார். "அவரக் கூப்பிடு. பாட்டில எடுத்து ஒரு வாய் குடிக்க வை. நான் பாக்கறேன்னு தெரிய வேணாம். தொறந்த பாட்டில அவரு கீழ வெக்கறாரானு பாக்கணும். அவ்ளோதான்." சொல்லிவிட்டுக் குளிக்கிற இடத்துக் கீற்றுத் தட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

உள்ளே போய் இவரை ஜாடை காட்டிக் கூப்பிட்டேன். "அந்தம்மா?" என்றார். "பாத்ரூம் போயிருக்காங்க" என்று சொன்னேன், அது ஒருவிதத்தில் நிஜம். "லேபிள் ரெண்டும் கழண்டு மெதக்குது. முதல்ல அத எடுங்க."

இவருக்கு முகம் செத்துப்போனது. பயத்தினால் என்று நினைத்தேன். கூடையை மேலே இழுத்து இரண்டு மொட்டை பாட்டிலையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "போச்சு! எது பெங்களூர், எது பாண்டின்னே தெரியலியே. சாயங்காலம் பஞ்சாயத்துக்கு அவனுங்க வந்தா என்னா சொல்றது?" என்றார். வீட்டில் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள், இவருடைய கவலையைப் பாருங்கள்!

"ஒண்ணத் தொறந்து ஒரு வாய் பாத்துடுங்க. தெரிஞ்சிப்பூடும்" என்றேன்.

"இப்பவா? வாசனை வருமே?"

"வெத்தலை போட்டுக்கலாம்."

கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லாத வார்த்தை அது. சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். ஆனால் ஆசை யாரை விட்டது? சாவிக்கொத்தில் இருந்த ஓப்பனரால் மூடியைத் திறந்தார். புஸ்ஸென்ற சத்தம் கூடம் வரைக்கும் கேட்டிருக்கும் என்று எனக்கு உயிர் போய் வந்தது. கிணற்றடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணை மூடினார். அந்த மூடிய கண்ணை அத்தனை வருஷம் வெறுத்தவள், அன்றைக்கு அது அப்படியே மூடியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"பாண்டி" என்றார். உடனே, "இல்ல… பெங்களூர் மாதிரியும் இருக்கு" என்றார். இன்னொரு வாய் எடுத்தார். நெற்றியைச் சுருக்கினார். டம்ளர் காலியாகிவிட்டது. பாட்டிலைச் சாய்த்து மறுபடியும் நிறைய ஊற்றினார். தட்டிக்குப் பின்னால் ஓலை சரசரத்தது.

போதும், கீழே வையுங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் எல்லாம் கெட்டுவிடும். அவர் கை டம்ளரைத் தூக்கியது. உதட்டுக்குப் போனது. நான் மலையைப் பார்த்தேன். அண்ணாமலையாரே, என் தங்கச்சி எந்தப் பாவமும் செய்யலையே!

டம்ளர் உதட்டிலிருந்து இறங்கியது. இவர் அதற்குள் எட்டிப் பார்த்து, செத்த எலியைப் பார்த்த மாதிரி முகத்தைச் சுளித்தார்.

"சீ! சுடுது. கிணத்துத் தண்ணியே வெந்நீராக் கெடக்குது. நுரையும் அடங்கிப்போச்சி. இதப்போய் வெச்சிக்கினு தீர்ப்பு சொன்னா பாவம்" என்றார். டம்ளரைத் துவைக்கிற கல்லின்மேல் கவிழ்த்தார். பிறகு பாட்டிலையும் தலைகீழாகப் பிடித்தார். போலீஸுக்குப் பயந்து, வைக்கோலில் பொதிந்து, அத்தனை தூரம் வந்த பீர் குபுகுபுவென்று கல்லில் ஓடியது. இவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னொண்ண ஈரச் சாக்குல சுத்தி வை" என்று சொல்லிவிட்டு, வெற்றிலையைக் கேட்டு வாங்கி மென்றுகொண்டே கூடத்துக்குப் போய்விட்டார். என்ன நடந்தது என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை. சொன்னால் தலைகால் புரியாமல் ஆடுவார்.

அந்த அம்மா தட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

"பூ வாங்கி வெச்சிருக்கியா?" என்றார்.

"இருக்குதுங்க."

"நீயே உன் தங்கச்சிக்கு வெச்சிடு. நான் வெக்கக் கூடாது. என் தம்பிகிட்ட சொல்லிடறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காலில் விழப் போனேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. துவைக்கிற கல் அருகில் போய், வெயிலில் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்த நுரையைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏம்மா" என்றார், திரும்பாமலே. "இவ்ளோ சுலபமாக் கொட்டிட முடியுமா இத?"

நான் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றிக் கல்லைக் கழுவிவிட்டேன்.