சூலம் பார்க்காமல் பஃபலோவிலிருந்து லண்டனுக்கு

லஸ் முனையில் தெரிந்தவர்கள் யார் எதிர்ப்பட்டாலும் ஒரே கேள்விதான்: "அமெரிக்காவிலிருந்து சீமைக்கு ஆகாய விமானத்தில் தனியாகவா போனாய்?" ஆமாம், தனியாகத்தான் போனேன். இனிமேல் போகப்போகும் பெண்களுக்கு உபயோகப்படட்டும் என்று இதை எழுதுகிறேன். போகலாமா கூடாதா என்று விசாரிப்பவர்களுக்காக அல்ல.

நான் மயிலாப்பூர்க்காரி, டாக்டர். நயாகரா அருவிக்குப் பக்கத்தில் பஃபலோ என்ற நடுத்தர ஊரில், ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் குழந்தை வைத்தியம் பயின்றேன். சுதந்திரம் வந்ததற்கு அடுத்த மாசியில், ஒரு திங்கட்கிழமை காலை லண்டனில் மேல்பரீட்சை. அதைத் தவறவிட்டால் படித்தது போதும், வீட்டோடு வந்து இரு என்று பெரியப்பா முன்பே சொல்லியிருந்தார். அப்பா இல்லாத வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆஸ்பத்திரி வேலை முந்தின வியாழக்கிழமைதான் முடிந்ததால் கப்பலுக்கு அவகாசம் இல்லை. வெள்ளிக்கிழமை விமானத்துக்குச் சீட்டு வாங்கி ஊருக்கும் எழுதினேன்.

பதிலுக்குப் பெரியப்பாவிடமிருந்து தந்தி வந்தது: "வெள்ளி மேற்கே சூலம். சனி புறப்படு." சூலம் இருக்கும் திக்கில் அன்று பயணம் ஆகாது என்பது பஞ்சாங்கம். சீமை மேற்கே இருக்கிறது என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தந்தியை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வெள்ளிக்கிழமையே கிளம்பினேன்.

பஃபலோவிலிருந்து நியூயார்க் சுமார் முந்நூறு மைல், இரண்டு மணி நேரம். அங்கே பெரிய விமானத்துக்கு மாற வேண்டும். லண்டன் வரை கட்டணம் முந்நூற்றைம்பது டாலர். மாமிசம் வேண்டாம் என்றேன். கோழியைக் கொண்டுவந்து வைத்தார்கள். கையோடு கொண்டுபோன அவல்தான் காப்பாற்றியது.

இரவில் நியூபவுண்ட்லாந்தில் காண்டர் என்ற இடத்தில் எண்ணெய் போட இறங்கினோம். இறங்கியதும் பனி கொட்டத் தொடங்கியது. யுத்தத்தின்போது சிப்பாய்கள் இருந்த மரக் கொட்டகையில் எங்களைப் படுக்கவைத்தார்கள். சனிக்கிழமை காலையிலும் கிளம்பவில்லை. எனக்கு அழுகை வந்தது. மயிலாப்பூரில் இதைக் கேட்டு யார் யார் தலையாட்டுவார்கள் என்று நினைத்ததும் அழுகை போய்க் கோபம் வந்தது. புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். சாயங்காலம் பனி சற்று விலகவே, எங்கள் விமானம் மட்டும் கிளம்பியது. அட்லாண்டிக்கைக் கடக்க எட்டரை மணி நேரம். அயர்லாந்தில் இறங்கி, ஞாயிறு மத்தியானம் லண்டன் சேர்ந்தேன். சனிக்கிழமை நியூயார்க்கில் ஏறியவர்கள் பனியில் மாட்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமைதான் வந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

பரீட்சையில் தேறி ஊர் திரும்பினேன். பெரியப்பா ஆரம்பித்தார். "தேறிட்டே, சந்தோஷம். ஆனா சொன்னதைக் கேக்காம கிளம்பினியே, வழியில மாட்டிண்டு தவிச்சயா இல்லையா?"

கூடத்தில் உருண்டையாக ஒரு பம்ளிமாஸ் பழம் இருந்தது. அதை எடுத்து விரலால் காட்டினேன். "இது பூமி, பெரியப்பா. இங்கே மயிலாப்பூர். அமெரிக்கா அந்தப் பக்கம். அங்கேருந்து சீமை கிழக்கேன்னா இருக்கு? கிழக்கே சூலம் என்னிக்கு?"

"திங்களும் சனி..." என்றவர் பாதியில் நிறுத்தினார். பழத்தை வாங்கி இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் முகம் மலர்ந்தது. "அப்போ நீ கிளம்பினது நல்ல நாள்தான்! சாஸ்திரம்தான் உன்னைக் காப்பாத்தித்து."

"வெள்ளிக்கிழமை எட்டுத் திக்கிலயும் சூலம் இருந்திருந்தாலும் அன்னிக்குத்தான் கிளம்பியிருப்பேன்" என்றேன். அவர் பழத்தை உரிக்க ஆரம்பித்தார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பெட்டி அறுபத்தாறு பவுண்டுக்கு மேல் கூடாது. புடவைக்குள் கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள், காதுக்குப் பஞ்சு, வயிற்றுக்கு அவல். மாசியில் போனால் இரண்டு நாள் முன்னதாகவே கிளம்புங்கள். எந்தக் கிழமை என்று மட்டும் முன்கூட்டி ஊருக்கு எழுதாதீர்கள். போய்ச் சேர்ந்த பிறகு எழுதுங்கள்.