காற்றைக் குடித்த பேத்தை

நான் பஞ்சர் கடைக்காரன். நாளெல்லாம் டியூபுக்குக் காற்றடித்துவிட்டு வீடு திரும்பினால், கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் என் கடல்மீன் காத்திருக்கும். முள்பேத்தை. பயந்தால் பந்துபோல் உப்பிவிடும்.

விருந்துக்கு வந்த மச்சானுக்கு வித்தை காட்ட, அதை வலையோடு வெளியே தூக்கினேன். அது தண்ணீருக்குப் பதிலாகக் காற்றைக் குடித்து உப்பியது.

"பாவங்க, விட்டுடுங்க," என்றாள் மனைவி.

"காத்துதானே? தானா இறங்கிடும்," என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

இறங்கவில்லை. தொட்டியில் விட்டதும் மல்லாந்து மிதந்தது. மச்சான் சிரித்தார். தண்ணீருக்குள் கைவிட்டு, அதன் தலையை மேலாக நிமிர்த்திப் பிடித்தபடி நின்றேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் குமிழ் குமிழாகக் காற்று வெளியேறியது.

இப்போது மனைவி இறால் நீட்டினால் ஓடிவந்து தின்கிறது. நான் கூடத்துக்குள் நுழைந்தாலே உப்பிக்கொள்கிறது. அதனால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, என் வீட்டிலேயே திருடன் மாதிரி, பின்வாசல் வழியாக வருகிறேன்.