அரிசி வாளிக்குள் ஒரு ஃபோன்

கனடாவில் இருக்கும் தம்பி ஐபோன் ஒன்றை அனுப்பிவைத்தான். எனக்கு ஆசை இருக்கவில்லை என்று சொன்னால் பச்சைப் பொய். ஆனால் மாறுவது லேசுப்பட்ட வேலையில்லை. பழைய அன்ட்ரொயிட்டில் கண்ணை மூடிக்கொண்டே விரல் போகும். புதியதில் பின்னுக்குப் போவதற்கே வழி தேடவேண்டியிருந்தது. படங்களையும் இலக்கங்களையும் மாற்றியபின், பழையதன் மொழியைத் தமிழாக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, பளையில் தனியாக இருக்கும் அம்மாவிடம் கொடுத்தேன். தம்பியின் முகம் பார்த்துக் கதைக்கட்டும் என்று நினைத்தேன். அலுவலக மின்னஞ்சலைப் புதியதுக்கு மாற்றுவதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டுக் கிளிநொச்சிக்கு வந்துவிட்டேன்.

அடுத்த கிழமை மேலதிகாரி கூப்பிட்டார். என் வேலையை இன்னொரு வருடத்துக்கு நீட்டும் கடிதம் மின்னஞ்சலில் வந்திருக்கிறதாம். பின்னேரத்துக்குள் சம்மதம் அனுப்பாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடுமாம். வயல் வயலாகத் திரியும் எங்களுக்கு மேசையும் இல்லை, கணினியும் இல்லை, எல்லாம் ஃபோனில்தான்.

புதிய ஃபோனில் கடவுச்சொல்லை அடித்தேன். நான்தானா என்று பழைய ஃபோனில் கேட்டிருப்பதாகவும், அங்கே 'ஆம்' அழுத்தவேண்டும் என்றும் வந்தது. அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல முதலே 'மறுக்கப்பட்டது' என்று விழுந்தது. அவசரக்காரி நான், திரும்ப அழுத்தினேன். மறுக்கப்பட்டது. இன்னொரு தரம் அழுத்தினேன். கணக்கே பூட்டுப்பட்டுவிட்டது. அம்மாவுக்கு அழைத்தால் ஃபோன் நிறுத்திக் கிடக்கிறது!

கொழும்பில் கணினிப் பகுதியில் இருப்பவருக்கு எடுத்தேன்.

"பூட்டைத் திறந்து விடுறன் மிஸ். ஆனா ஓம் சொல்ல வேண்டியது அந்தப் பழைய ஃபோன்தான். அதை மாத்திறதெண்டால் ரெண்டு மூண்டு நாள் செல்லும்."

பளைக்கு பஸ்ஸில் நின்றபடியே போனேன். பரந்தன் தாண்டி, ஆனையிறவின் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும் வரைக்கும் மனதுக்குள் அம்மாவுக்கு ஒரே ஏச்சு. இந்த வேலை போனால் இந்தப் பக்கத்தில் இன்னொன்று எங்கே கிடைக்கப்போகிறது?

அம்மா குசினிக்குள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஃபோன் எங்கையம்மா?"

"மெல்லக் கதை பிள்ளை." வாசல் படலைப் பக்கம் ஒருதரம் பார்த்தார். அரிசி வாளியின் மூடியைத் திறந்து, முழங்கை வரைக்கும் கையை விட்டு, பொலித்தீன் பையில் சுற்றிய ஃபோனை வெளியே எடுத்தார்.

"உங்களுக்கென்ன விசரே? ஏன் இல்லை எண்டு அமத்தினீங்கள்?"

"உன்ர பேரைப் போட்டு, இது நீங்களா எண்டு கேட்டுது. ஆர் கேக்கிறாங்கள், என்னத்துக்குக் கேக்கிறாங்கள் எண்டு ஒண்டுமில்லை. இல்லை எண்டு அமத்தினன். விடாமல் திரும்பத் திரும்பக் கேட்டாங்கள். நெஞ்சு பதறிப் போச்சு. நிப்பாட்டி உதுக்குள்ள தாட்டுப்போட்டன்."

சண்டை நடந்த காலம் எனக்குப் பதினாறு வயது. சண்டைக்குப் பிள்ளைகளைப் பிடித்துப்போக வந்து, பிள்ளை நிற்கிறாளா என்று வாசலில் கேட்டவர்களிடம், "இல்லை, அவள் மாமி வீட்டை போட்டாள்" என்று அம்மா சொன்னதை, பின்னறையில் நெல்மூட்டைகளுக்கு நடுவே மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டவள் நான். அவர்களும் விடாமல் திரும்பத் திரும்பத்தான் கேட்டார்கள். பஸ்ஸில் சேர்த்துவைத்த ஏச்செல்லாம் எங்கோ போய்விட்டது. அழுகைதான் வந்தது.

பழைய ஃபோனை இயக்கி அம்மாவிடம் கொடுத்து, பக்கத்தில் இருந்து என் ஃபோனில் திரும்ப முயன்றேன். 'இது நீங்களா?' என்று அம்மாவின் கையில் கேள்வி வந்தது.

"ஓம் எண்டால் உனக்கு ஒண்டும் வராதே?"

"வராதம்மா. அமத்துங்கோ."

அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்தினார். மின்னஞ்சல் திறந்தது. நேரம் முடிவதற்குள் சம்மதத்தை அனுப்பினேன்.

"இனி உங்களுக்கு இந்தக் கரைச்சல் வேண்டாம். கேள்வியை என்ர ஃபோனுக்கே மாத்தச் சொல்லி எழுதிவிடுறன்," என்றேன்.

அம்மா ஃபோனைத் தன் மடிக்குள் இழுத்து வைத்துக்கொண்டார்.

"வேண்டாம் பிள்ளை. உன்னை ஆர் தேடினாலும் முதல் என்னட்டையே கேக்கட்டும்."