பின்பக்கமாகச் சுற்றிய ஃபேன்

மோட்டார் கடை வைத்திருந்த அவருக்குக் காயில்காரர் என்றே பேர். எரிந்துபோன மோட்டார் எதுவானாலும் பிரித்துப் போட்டு, புதுச் செம்புக் கம்பி சுற்றி ஓடவைத்துவிடுவார். கூடவே வாயும் ஓடும். "வெறும் கம்பிதாங்க. சுத்தி வெச்சு கரண்ட்டை விட்டா அதுவே காந்தம். உங்க மிக்சி, தண்ணி மோட்டார், காலிங்பெல் எல்லாம் அந்தக் காந்தம் பண்ற வேலைதான்" என்று வருகிறவர்களைப் பிடித்துவைத்துப் பாடம் எடுப்பார். அவர் பாடம் எடுக்கையில் பின்னால் உட்கார்ந்து கம்பி சுற்றுவது அவர் மனைவி. ஒரு சுற்று கூடாது, குறையாது. முனைகளை இணைத்துக் கனெக்‌ஷன் கொடுக்கும் வேலையை மட்டும் அவர் அவளிடம் விட்டதே இல்லை.

மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கூடத்து ஃபேன் எரிந்துவிட்டது. சம்பந்தி வீடாயிற்றே, சும்மா இருப்பாரா? தானே கழற்றி வந்து, காயில் கட்டி, மனைவியோடு போய் மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது. காற்றுதான் வரவில்லை. இறக்கை பின்பக்கமாகச் சுற்றி, காற்றை மேலே அனுப்பிக்கொண்டிருந்தது.

அவருக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. உள்ளே இரண்டு காயில். கெபாசிட்டரை ஒன்றுக்குப் பதில் மற்றதோடு இணைத்துவிட்டால் காந்தம் எதிர்த்திசையில் சுழலும், இறக்கையும் அதன் பின்னாலேயே போகும். கடையில் போனில் பெருமையடித்துக்கொண்டே அப்படி இணைத்தவர் அவரேதான். ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன சம்பந்தி, மாடிக்குக் காத்து விடறீங்களா?" என்று சிரித்தார் மருமகனின் அப்பா.

"இவதான் கனெக்‌ஷன் குடுத்தா" என்றார் காயில்காரர். வாய் முந்திக்கொண்டது. "எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாது."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஆமா, நான்தான் மாத்திக் குடுத்துட்டேன்."

அவர் ஸ்டூலில் ஏறிக் கம்பிகளை மாற்றினார். காற்று கொட்டியது.

"பாத்தீங்களா, அவர் கை பட்டாத்தான் சரியா வருது" என்றார் சம்பந்தி. "இனிமே அவர்கிட்டயே விட்டுடுங்கம்மா."

அவள் தலையாட்டினாள். உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தவர், ஸ்டூலைத் தூக்கி ஓரமாக வைத்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அத்தனை காற்றிலும் சட்டை முதுகோடு ஒட்டியது.

திரும்பும்போது பஸ்ஸில் மெதுவாகக் கேட்டார். "கோவமா?"

அவள் ஜன்னலைவிட்டுத் திரும்பாமலே சொன்னாள்:

"அடுத்த தடவை கனெக்‌ஷனையும் நானே குடுக்கறேன். வாங்கின கெட்ட பேருக்கு அந்த வேலையையாவது செஞ்சுக்கறேன்."