நீல நாற்காலிக்கு ஆள் வருது

செய்தி வந்தபோது நான் ராமநாதபுரம் காய்கறிச் சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மங்கையின் தம்பி தங்கவேல் கமுதிப் பக்கத்து ஊரிலிருந்து போனில் பேசினார். "சரோஜா அக்காவா? எங்க அக்கா தவறிருச்சுக்கா. காலையில நெஞ்சு வலிக்குதுன்னு போன் போட்டுச்சு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு." அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. கையிலிருந்த முருங்கைக்காயோடு நான் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துவிட்டேன். கடைக்காரப் பெண் பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு வந்து வாங்கிப் போனாள்.

மங்கையர்க்கரசியைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு நோட்டைத் தூக்கிக்கொண்டு வரைய வந்தவர்களுக்கும், வருகிறேன் என்று சொல்லி வராமல் போனவர்களுக்கும். இரண்டாவது வகையில் முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் அது பொய்யாகிவிடும்.

அவளை முதலில் பார்த்தது எங்கள் ஊரில் ஒரு மண்டபத்தில் நடந்த படக் கண்காட்சியில். நான் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் மார்க் போடுகிற புத்தி எனக்கு உண்டு. அரண்மனை வாசல் கடைத்தெருவைப் பேனாவில் வரைந்த படம் ஒன்று தொங்கியது. வண்டிகள், மின்கம்பிகள், பூக்கடை எல்லாம் ஒரு கோடு பிசகாமல் இருந்தன. கீழே வலது மூலையில் மட்டும் ஓர் ஆள் அளவுக்கு வெறும் வெள்ளைத் தாள். "இது முடியலையே" என்று உரக்கச் சொன்னேன். "முடிஞ்சிருச்சு, ஆளுதான் வரல" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. திரும்பினால் ஒல்லியாக, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு ஒருத்தி நின்றாள். நில அளவை அலுவலகத்தில் வரைவாளர் வேலை. வாரம் முழுக்க அடுத்தவர் நிலத்துக்கு எல்லைக்கோடு போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தனக்காகக் கோடு போடுகிறவள்.

அவள் வழக்கம் இதுதான். எங்கே உட்கார்ந்து வரைந்தாலும் ஓர் ஆளுக்கு இடம் விட்டுவிடுவாள். பஸ்ஸில் துண்டைப் போட்டுவிட்டு ‘ஆள் வருது’ என்போமே, அந்த மாதிரி. யாராவது வந்து எட்டிப் பார்த்து, "என்ன வரையிறீங்க?" என்று கேட்க வேண்டும். முதலில் கேட்கிறவர் யாரோ அவர் அந்த இடத்தில் ஏறுவார். சும்மா பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இடம் கிடையாது. "கேக்காதவகள எதுக்கு இழுத்து உக்கார வைக்கணும்?" என்பாள். ஒருவரும் கேட்காத நாளில் வெள்ளை வெள்ளையாகவே கிடக்கும். அப்படியே நோட்டை மூடிவிட்டு எழுந்துவிடுவாள்.

மாரியூரில் கோயில் விழாவுக்கு ஒயிலாட்டம் வைத்திருந்தார்கள். சாயங்கால வெயிலில் ஆட்டக்காரர்கள் கையில் துணியோடு வரிசை கட்டி ஆட, மங்கை வரிசையை வரைந்து நடுவில் ஓர் இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். கூட்டத்தில் கடலை விற்ற அம்மா ஒருவர் குனிந்து, "என்னத்தத்தா கிறுக்கிக்கிட்டு இருக்க?" என்றார். அவ்வளவுதான், இரண்டு ஆட்டக்காரர்களுக்கு நடுவில் கடலைக் கூடையோடு அந்த அம்மா ஏறிவிட்டார். ஆட்டம் முடிந்து வந்த வாத்தியார் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏத்தா, நாங்க மாசக்கணக்கா பழகுன வரிசையில கடலக் கூடைய எதுக்கு விட்ட?" என்று சத்தம் போட்டார். "அவுக மட்டுந்தான் கேட்டாக" என்றாள் மங்கை. கடலைக்கார அம்மா எங்கள் இருவர் மடியிலும் ஆளுக்கு ஒரு படி கடலையைக் கொட்டிவிட்டுப் போனார்.

மதுரையில் கண்காட்சி என்றால் காலை ரயிலில் கிளம்பிவிடுவோம். நான் எல்லாப் படத்தையும் பார்த்து முடித்துத் திரும்பி வரும்போது அவள் முதல் சுவரில் இரண்டாவது படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். "கல்யாண வீட்டுல நீ எல்லாத்தையும் விசாரிச்சுட்டு வார ஆளு. நான் ஒருத்தர்கிட்ட உக்காந்து பேசிட்டு வாரேன்" என்பாள். அப்படி ஒரு நாள் திரும்பி வரும் ரயிலில், வெகுநாளாக மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"இத்தன வருசமா உன் பக்கத்துலயே உக்காந்துருக்கேன். ஒரு படத்துலயாவது என்னைப் போட்டுருக்கியா?"

"நீ என்னைக்குக் கேட்ட?"

"நான் எதுக்குக் கேக்கணும்? நீ என்ன வரையிறன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவள் போய், வேடிக்கை பார்க்கிறவர்கள் கேட்கிற கேள்வியைக் கேட்பதா என்று எனக்கு வீம்பு. பரமக்குடி வந்த பிறகுதான் அந்தப் பாதிப் பழத்தை வாங்கித் தின்றேன். கடைசிவரை கேட்கவே இல்லை.

தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து போனோம். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள், கடைசியில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு முழங்கால் வலி வந்து தரையில் உட்கார முடியாமல் போனபோது மங்கை துணி நாற்காலி இரண்டு வாங்கினாள், மடக்கித் தோளில் மாட்டிக்கொள்கிற மாதிரி. சிவப்பு அவளுக்கு, நீலம் எனக்கு. இரண்டையும் அவளே தூக்கி வருவாள். பாம்பன் கரையில் நாற்காலியை விரித்துப் போட்டுவிட்டு, "மகாராணி உக்காரலாம்" என்பாள்.

பிறகு நானும் கழன்றுகொண்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பணி ஓய்வு பெற்றபின் நேரம் கூடியது, மனது சோம்பியது. மகள் வந்திருக்கிறாள் என்றேன், வெயில் என்றேன், கால் என்றேன். சனிக்கிழமை "வாரேன்" என்று செய்தி அனுப்புவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் "இன்னைக்கு முடியல, நீ போ" என்பேன். சில ஞாயிறுகளில் அதைக்கூட அனுப்பவில்லை. அவள் ஒரு நாளும் கோபித்ததில்லை. கோபித்திருந்தால் போயிருப்பேனோ என்னவோ. அவள் இறந்தது ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்கும் வாரேன் என்று சொல்லியிருந்தேன்.

காரியத்தன்று மறுபடியும் அவள் ஊருக்குப் போனேன். முற்றத்தில் மிளகாய் காயப்போட்டிருந்ததை ஓரமாக ஒதுக்கிப் பந்தல் போட்டிருந்தார்கள். தங்கவேல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அக்கா தனியாக் கெடக்கேன்னு எங்களுக்கு ஒரே கவலக்கா. கூப்பிட்டாலும் இங்கன வராது. ஞாயித்துக்கெழமை தனியாவா போறன்னு கேட்டா, ‘சரோ வருவா, ரெண்டு சேர் எடுத்துட்டுப் போறேன்ல’ங்கும். தவறுறதுக்கு முந்தின வாரங்கூடச் சொல்லுச்சு. நீங்க கூட இருக்கீகன்னுதான் நாங்க நிம்மதியா இருந்தோம்."

அங்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. தலையைத் தலையை ஆட்டினேன். வந்திருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பெரிய மனுஷி போலப் பார்த்தார்கள். தங்கவேல் நோட்டுகளை ஒரு சாக்குப் பையில் போட்டு, இரண்டு நாற்காலிகளையும் சேர்த்து, "இதெல்லாம் உங்ககிட்ட இருக்கதுதான் ஞாயம்" என்று பஸ்ஸில் ஏற்றிவிட்டார். தங்கவேல், நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் அக்கா கடைசி இரண்டு வருஷம் பெரும்பாலும் தனியாகத்தான் போனாள். அதை உங்களிடம் அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நோட்டுகளைப் பிரிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. பழைய பக்கங்களில் கடலைக்கார அம்மா, பூக்காரர், கண்டக்டர் என்று அவளிடம் கேட்ட அத்தனை பேரும் இருந்தார்கள். கடைசி இரண்டு நோட்டுகளில் ஆளே இல்லை. பாம்பன் கரை, அரியமான் கடற்கரை, அரண்மனை வாசல் என்று எல்லாப் படத்திலும் கீழே அந்தத் துணி நாற்காலி, அதன்மேல் வெள்ளை. கடல் அலையின் கோடுகள் அந்த வெள்ளையின் விளிம்பில் வந்து நின்று, மறுபக்கம் திரும்பத் தொடங்கின. மூலையில் அவள் ஆபீஸ் எழுத்தில் தேதி. என் போனை எடுத்து ஒவ்வொரு தேதியாகப் பார்த்தேன். எல்லாம் நான் வாரேன் என்று சொன்ன ஞாயிறுகள். வெள்ளையை உற்றுப் பார்த்தால் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துக்குக் கனத்த பையை மாட்டி இறங்கிப்போன என் தோள் அது. வீட்டில் யாரும் இல்லை, வாய்விட்டு அழுதேன்.

என்னிடம் மிச்சம் இருப்பது அந்த நோட்டுகள், இரண்டு நாற்காலிகள், ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த வெள்ளை இடங்களில் என்னை நானே வரைந்து முடித்து நினைவுக் கண்காட்சி வைக்கலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். நான் பேனாவைத் தொடவில்லை. போன ஞாயிறு இரண்டு நாற்காலிகளையும் தோளில் மாட்டிக்கொண்டு பாம்பனுக்கு பஸ் ஏறினேன். இவ்வளவு கனமா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கரையில் இரண்டையும் விரித்துப் போட்டு நீலத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் சிவப்பு காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. கேட்டுவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். "என்ன வரையிற, மங்கை?" என்று சத்தமாகவே கேட்டேன். அந்தப் பக்கம் வலை காயவைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் சங்கு மாலை விற்கிற பெண் ஒருத்தி வந்து நின்றாள். நாற்காலிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது அந்தப் படம் போடுற அம்மா சேருல்ல? கால் கடுக்குதேன்னு இந்த நீலச் சேருல உக்காரப் போனா, ‘ஆள் வருது’ம்பாக. வாரப்பெல்லாம் இதே சொல்லுதான். அந்த ஆளு வந்துச்சாக்கா?"

"வந்துருச்சும்மா" என்றேன். "இப்பத்தான் வந்துச்சு."