நெஞ்சில் பதிந்திருந்த கை

மூன்று வருஷத்துக்கு முன்னால், சித்திரை மாசம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. மரக்காணத்தில் நான் அம்மனுக்கு விளக்கு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், உப்பளத்தில் என் வீட்டுக்காரர் இதயம் நின்று விழுந்துவிட்டார். பக்கத்துப் பாத்தியில் உப்பு சுமந்த ஒரு பெண்தான் ஓடிவந்து, ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் அவர் நெஞ்சை விடாமல் அழுத்தியிருக்கிறாள். புருஷனை இழந்தவள். உப்பளத்தில் வேலை இல்லாத மழை மாசத்தில் ஆரோவில் பக்கம் வீட்டு வேலைக்குப் போன இடத்தில் அதைக் கற்றுக்கொண்டாளாம்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் துடிப்பு திரும்பியிருந்தது, நினைவு திரும்பவில்லை. மூளை கெடாமல் இருக்க உடம்பைக் குளிர வைக்கணும் என்று, குளிர்ந்த தண்ணீர் ஓடுகிற பட்டைகளைச் சுற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். வெயிலிலேயே வெந்த உடம்பு, தொட்டால் ஜில்லென்று இருந்தது. விபூதி பூசும்போது பார்த்தேன், நடுநெஞ்சில் கை அகலத்துக்குக் கன்றியிருந்தது. வெளியே வந்ததும் நாத்தனார் சும்மா இருக்காமல், "அவ அண்ணன் மேல குனிஞ்சி அழுத்துனத ஊரே நின்னு பாத்துச்சி அண்ணி" என்றாள். பிழைப்பாரா என்ற பயத்துக்கு நடுவிலும் எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் அன்றைக் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி அந்தப் பெண்ணே வந்து நின்றாள். "ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்க்கா." உள்ளே போக ஒரே ஒரு பாஸ்தான். அது என் முந்தானையில் முடிந்திருந்தது. "இப்ப யாரையும் வுட மாட்டாங்க" என்று பொய் சொன்னேன்.

"சரிக்கா. கண்ணு முழிச்சி நெஞ்சு வலிக்குதுன்னா, கோச்சிக்க வேணாம்னு சொல்லிடு. எலும்பு ஒண்ணு உடைஞ்ச மாதிரி இருந்துச்சி. அப்பவும் நிறுத்தக்கூடாதுன்னு சொல்லிக் கொடுத்தாங்க."

சாயங்காலம் டாக்டர் சொன்னார்: "நாங்க குளிர வெக்கிறதெல்லாம் அப்புறம்மா. உடனே யாரோ அழுத்தலன்னா, காப்பாத்துறதுக்கு இங்க எதுவும் வந்திருக்காது. யாரும்மா அது?"

அம்மனிடம் கையேந்தி நின்ற நான், அந்த அம்மன் அனுப்பிய ஆளையே வாசலோடு திருப்பியிருக்கிறேன்.

கொஞ்சம் கொஞ்சமாக உடம்பைச் சூடேற்றி, மூணாம் நாள் கண் திறந்தார். முதலில் சொன்னதே "நெஞ்சு வலிக்குது" என்றுதான். அன்றைக்கே ஆள் விட்டு அவளை வரவழைத்து, பாஸைக் கொடுத்துவிட்டு நான் வெளியே நின்றேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உப்பில் வெடித்த அந்தக் கைகள் அவரைத் தொடவில்லை, கும்பிட்டுக்கொண்டிருந்தன.

இப்போது வெள்ளிக்கிழமை அர்ச்சனையில் அவர் பேரோடு அவள் பேரையும் சொல்கிறேன். பொறாமை போய்விட்டதா என்றால், அம்மன் முன்னால் பொய் சொல்லக்கூடாது. அந்த நேரத்தில் அவர் நெஞ்சின் மேல் இருந்தது என் கையாக இருந்திருக்கக்கூடாதா என்று இன்றைக்கும் ஓர் ஓரத்தில் எரியத்தான் செய்கிறது.