தொண்ணூற்றேழு டிகிரி

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் லேப்டாப் தானாக அணையத் தொடங்கியது. முன்னறிவிப்பு ஒன்றும் கிடையாது. கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன், திரை கறுத்துவிடும். அடியில் கை வைத்தால் தோசைக்கல்.

கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றில் வேலைக்கான ஆன்லைன் தேர்வு. இரண்டு மணி நேரம், கேமரா முன்னால். நடுவில் மெஷின் நின்றால் தேர்வும் அதோடு முடிந்தது, மறு வாய்ப்பு இல்லை என்று மெயிலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். சூரியநெல்லி தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மா கொழுந்து எடுக்கிறாள். அப்பா டூரிஸ்டுகளை மலைக்கு ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறார். நான் டிகிரி முடித்துவிட்டு ஒரு ரிசார்ட்டின் வரவேற்பு மேசையில் நின்றுகொண்டிருந்தேன். மழைக்காலமாகையால் வரவேற்க ஆளே இல்லை. அந்தத் தேர்வை விட்டால் எனக்கு முன்னால் எதுவுமில்லை.

லேப்டாப் அடிமாலியில் வாங்கிய பழையது. விண்டோஸைத் தாங்காது என்று லினக்ஸ் போட்டிருந்தேன். அதில் கறுப்புத் திரையில் கட்டளை அடித்து உள்ளிருக்கும் சூட்டைப் பார்க்கலாம் என்று படித்தேன். முதலில் 'சென்சார்ஸ்-டிடெக்ட்' என்று அடிக்க வேண்டும். மெஷினுக்குள் எங்கெல்லாம் சூடு அளக்கும் சில்லு இருக்கிறது என்று அது தேடும். தேடுவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்கும், ஆம் அல்லது இல்லை. ஒரு கேள்விக்கு முன்னால், இப்படித் தேடினால் சில மெஷின்களில் கோளாறு வரலாம் என்று ஒரு வரி வந்தது. கை அங்கேயே நின்றுவிட்டது.

அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னலே கேக்குது?"

"உள்ள தேடிப் பாக்கட்டுமான்னு கேக்குதும்மா. தேடுனா கெட்டாலும் கெடும்ங்குது."

"கேட்டுட்டுச் செய்யிதுல்ல, செய்யட்டும். இந்த வீட்டுல எவன் கேட்டுச் செய்யிறான்?"

ஆம் என்று அடித்தேன். எதுவும் கெடவில்லை. அதன் பிறகு 'சென்சார்ஸ்' என்று அடித்தால் எண்கள் வந்தன. இரண்டு வினாடிக்கு ஒருமுறை தானாகப் புதுப்பிக்க இன்னொரு கட்டளை. அதைக் கற்றதுதான் வினை.

திரையின் ஒரு பக்கம் பயிற்சிக் கணக்கு, மறுபக்கம் எண். அறுபத்தெட்டு. எழுபத்தைந்து. கணக்கில் ஒரு வரி எழுதுவேன், கண் தானாக அந்தப் பக்கம் போகும். எண்பத்தொன்பது. தொண்ணூற்றேழைத் தொட்டதும் திரை கறுக்கும். ஆறும்வரை அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பேன். மறுபடி போடுவேன். பிறகு கணக்கையே மூடிவிட்டு எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலானேன். அது ஏறாதபோதுகூட எப்போது ஏறும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அப்பா சாப்பிட்ட கையோடு எட்டிப் பார்த்தார். "ஏலே, மேட்ச் ஓடுதா? தொண்ணூறு தாண்டிட்டான் போல. செஞ்சுரி அடிப்பானா?"

"தொண்ணூத்தேழுல அவுட் ஆயிரும்ப்பா."

"பாவம்லே."

தேர்வுக்கு இரண்டு நாள் முன்புதான் கீழே இருந்த இன்னொரு வரியைக் கவனித்தேன். ஃபேன் முழு வேகத்தில் சுற்றுவதாக அது சொன்னது. காற்று வெளியேறும் பக்கவாட்டுச் சந்தில் உள்ளங்கையை வைத்தேன். காற்றே வரவில்லை. சுற்றுகிற ஃபேனின் காற்று எங்கே போகிறது?

ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். தூசி இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது கரி. சந்து முழுக்கக் கம்பளித் துண்டு மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக அடைத்திருந்தது. மோந்து பார்த்தேன். எங்கள் சமையலறை வாசனை.

"அம்மா, இத எங்க வெப்ப?"

அவள் ஒளிக்கவில்லை. நான் ரிசார்ட்டுக்குப் போனதும் லேப்டாப்பை எடுத்து அடுப்புக்கு மேலே இருக்கும் பலகையில் வைப்பாளாம். மழை தொடங்கினால் எங்கள் லயத்தில் எல்லாருக்கும் அதுதான் பத்திரமான இடம். தீப்பெட்டி, உப்பு, ஸ்வெட்டர், என் சர்டிபிகேட் எல்லாம் அங்கேதான்.

"பொக உள்ள போவும்னு தெரியாதா?"

"ஈரம் போவும்னுதான் தெரியும். போன மழையில ஒன் ஃபோனப் பூசணம் தின்னுச்சே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கரியைப் பேப்பரில் வாங்கிக்கொண்டாள். மாட்டிப் போட்டபோது எண் எண்பதைத் தாண்டவில்லை. நான் நம்பவில்லை. மறுநாளும் எண்ணைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

தேர்வன்று திரையில் வேறு எந்த ஜன்னலையும் திறக்கக் கூடாது என்பது விதி. எண்ணைப் பார்க்க முடியாது. அப்பா வாசல் படியில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரை எல்லாம், "உள்ள பரீச்ச நடக்குது, சத்தம் போடாதீங்க!" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி அடக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் சத்தம் தொந்தரவாக இல்லை. ஃபேன் சத்தம்தான். அது கொஞ்சம் கூடினால் எழுதுகிற வரியில் விரல் நின்றுவிடும். இடது கை சந்துக்குப் போகும். காற்று வருகிறதா? வருகிறது. திரும்பக் கணக்குக்கு வந்தால் எங்கே விட்டேன் என்று தெரியாது. கடைசிக் கணக்கைப் பாதி போட்டிருக்கும்போது நேரம் முடிந்தது.

முடிந்ததும் முதலில் அடித்தது 'சென்சார்ஸ்'தான். அம்மா உள்ளே வந்திருந்தாள்.

"எவ்வளவுலே?"

"எழுவத்தொண்ணு."

"கொறவுதானே?"

"கொறவுதான்."

அவள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சில நாள் கழித்து மெயில் வந்தது. அடுத்த சுற்றுக்கு நான் இல்லை. அம்மா வேலையிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் தண்ணீரை நிறுத்தவில்லை.

"பொகையினாலயாலே?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"இல்லம்மா. மெஷின் நல்லாத்தான் ஓடுச்சு. நான்தான் கடைசிக் கணக்க முடிக்கல."

"என் மனசுக்காகச் சொல்லாத."

"நீயும்தான் பாத்தியே, எழுவத்தொண்ணு."

வாசலில் ஜீப்பின் பாயை உதறிக்கொண்டிருந்த அப்பா திரும்பினார். "எழுவத்தொண்ணா? எழுவத்தொண்ணு எடுத்தவனுக்கே ஜோலி இல்லேன்னா வேற யாருக்குத் தரப்போறானாம்?"

"அது மார்க்கு இல்லங்க, சூடு," என்றாள் அம்மா. "கூடுனாத்தான் தப்பு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அந்தக் கணக்கு நெனவு இருக்கா?"

"இருக்கு."

"அப்ப இப்பப் போடு. பாப்பம்."

அவளுக்கு அதில் ஒன்றும் புரியாது. இருந்தும் ஈரக் கையோடு பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். போட்டேன். ஒரு உலை கொதிக்கும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. சரியாகவும் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.